பத்துப் பேரை வைத்து எழுதும் விதிகள்

விளையாட்டு அறிவியல் ஆய்வுகளில் ஆட்களின் எண்ணிக்கை மிகக் குறைவு என்று குறை சொன்னால், அந்தத் துறையில் இருப்பவர்களிடமிருந்து இரண்டு பதில்கள் வரும். உச்ச நிலையில் ஆடும் வீரர்கள் எத்தனை பேர் ஆய்வகத்துக்குள் வருவார்கள், கிடைத்த எட்டுப் பத்துப் பேரை வைத்துத்தானே செய்ய முடியும் என்பது முதல் பதில். இரண்டாவது இன்னும் துணிச்சலானது. இத்தனை சிறிய குழுவிலேயே பலன் பளிச்சென்று தெரிந்துவிட்டது என்றால், அந்தப் பலன் எவ்வளவு வலுவானதாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். இந்த இரண்டாவது வாதம் கேட்டவுடன் தலையாட்ட வைப்பது. பயிற்சியாளர்கள், சத்துமாவு விற்பவர்கள், செய்தித்தாளில் உடல்நலப் பக்கம் எழுதுபவர்கள் எல்லோரும் அறிந்தோ அறியாமலோ இதன்மேல்தான் நிற்கிறார்கள். முதல் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது முழுக்கத் தலைகீழானது. சிறிய குழுவில் கிடைத்த வெற்றி, நம்பிக்கை கொள்வதற்கான காரணம் ஆகாது. சந்தேகப்படுவதற்கான காரணம்தான் அது. இதை உணர்ச்சியால் நிறுவ வேண்டியதில்லை, கூட்டல் கழித்தலே போதும்.

எம்பித் தாண்டும் சோதனையை எடுத்துக்கொள்வோம். சுவரோரம் நின்று, சுண்ணாம்புப் பொடி தொட்ட விரலை எட்டும் மட்டும் நீட்டி ஒரு குறி. முழங்காலை மடக்கி எம்பி, எட்டிய உயரத்தில் இன்னொரு குறி. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் தாண்டும் உயரம். ஒரு கல்லூரி அணியில் இந்த உயரம் ஆளுக்கு ஆள் மாறும் அளவு, அதாவது திட்ட விலக்கம், 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு புதிய பயிற்சி உண்மையிலேயே சராசரியாக 3 சென்டிமீட்டரைக் கூட்டித் தருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அந்த உண்மை நமக்குத் தெரியும், ஆய்வாளருக்குத் தெரியாது. அவர் இருபது பேரைப் பிடித்து, பத்துப் பேருக்குப் புதிய பயிற்சியும் பத்துப் பேருக்கு வழக்கமான பயிற்சியும் கொடுத்து, கடைசியில் இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடுகிறார். வேறுபாடு தற்செயலாக வந்ததல்ல என்ற முத்திரையை வழக்கமான 5 விழுக்காட்டு அளவுகோலில் பெற வேண்டுமானால், அவர் காணும் வேறுபாடு குறைந்தது 5.6 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். உண்மையோ 3 சென்டிமீட்டர்தான். அப்படியென்றால் இந்தச் சோதனை முத்திரை குத்தி உண்மையைச் சொல்ல வழியே இல்லை. இதே சோதனையை நூறு பேர் தனித்தனியாகச் செய்தால் ஏறத்தாழ எண்பத்திரண்டு பேர் பலன் இல்லை என்று எழுதுவார்கள். நல்ல பயிற்சி ஒன்று குப்பைக்குப் போகும். மீதிப் பதினெட்டு பேர் பலன் உண்டு என்று எழுதுவார்கள். ஆனால் அவர்கள் ஒவ்வொருவரும் உண்மையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அல்லது அதற்கும் மேல், கூட்டித்தான் எழுதுவார்கள். பொய் சொல்லும் எண்ணம் அவர்களில் யாருக்கும் இருக்காது. பத்துக்குப் பத்து என்ற கணக்கு அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

இப்போது ஆய்விதழ்களின் பழக்கத்தை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பலன் இல்லை என்ற முடிவு பெரும்பாலும் அச்சேறுவதில்லை; எழுதியவரே அதை அனுப்பாமல் விட்டுவிடுவதும் உண்டு. ஆகவே வாசகன் கண்ணில் படுபவை அந்தப் பதினெட்டு மட்டும்தான். பல ஊர்களில் பலர் தனித்தனியாகக் கண்ட ஒரே முடிவுபோல அவை தோன்றும். தொகுத்துப் பார்க்கும் பயிற்சியாளர், ஆறு ஏழு சென்டிமீட்டர் கூடும் என்று நம்பித் தன் பிள்ளைகளுக்குப் பருவம் முழுக்க அதைக் கொடுப்பார். பருவ முடிவில் 3 சென்டிமீட்டர் கூடியிருந்தால், அது உண்மையில் நல்ல பலன். ஆனால் அவர் கண்ணுக்கு அது தோல்வி. பையன் ஒழுங்காகப் பயிற்சி செய்யவில்லை, சோம்பேறி என்று பழி அவன்மேல் விழும். புள்ளிவிவரப் பிழை என்று நாம் பேசும் சங்கதி கடைசியில் ஒரு பதினெட்டு வயதுப் பையனின் தலையில் வந்து இறங்குகிறது. எனக்கு இந்த விஷயத்தில் கோபம் வருவது அதனால்தான்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்வோம். அந்தப் பானையில் எல்லா அரிசியும் ஒரே மூட்டையிலிருந்து வந்தது, ஒரே உலையில், ஒரே கொதியில் கிடந்தது. அதனால் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் போதும். ஓட்டக்காரர்கள் அப்படி வேகவில்லை. ஒருவர் நேற்று ஐந்து மணி நேரம்தான் தூங்கியிருப்பார், ஒருவர் காயத்திலிருந்து மீண்டு வந்திருப்பார், ஒருவருக்கு இயல்பிலேயே பயிற்சி சீக்கிரம் ஒட்டும். பருக்கைக்குப் பருக்கை பதம் மாறும் பானையில் எத்தனை பருக்கை எடுக்க வேண்டும் என்பது அந்த மாறுபாட்டைப் பொறுத்தது. மேலே சொன்ன 3 சென்டிமீட்டர் பலனை ஐந்தில் நான்கு முறை பிடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு குழுவிலும் 64 பேர் வேண்டும். அப்போது முத்திரைக்குத் தேவையான வேறுபாடு 2.1 சென்டிமீட்டராக இறங்கிவிடும். உண்மையை உள்ளபடி சொல்லச் சோதனைக்கு இடம் கிடைக்கும். பலன் 1.2 சென்டிமீட்டர்தான் என்றால் ஒரு பக்கம் 394 பேர் வேண்டும்.

நடப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் சயின்சஸ் என்ற முன்னணி இதழில் வந்த 120 கட்டுரைகளை எடுத்துப் பார்த்து, 2020-இல் கிராண்ட் ஆப்ட்டும் அவருடைய சகாக்களும் அதே இதழில் எழுதினார்கள். வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் ஆய்வை எடுத்தால் அதில் 19 பேர். எத்தனை பேர் வேண்டும் என்று முன்கூட்டியே முறையாகக் கணக்குப் போட்டவை 120-இல் 12 மட்டும். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னால், லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கவிருந்த 2012 ஜூலையில், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் விளையாட்டுப் பானங்களை ஆராய்ந்தது. லூகோசேட் பானத்தை அப்போது வைத்திருந்த கிளாக்ஸோஸ்மித்க்ளைன் நிறுவனம் தன் விளம்பரங்களுக்கு ஆதாரமாக 176 ஆய்வுகளின் பட்டியலைக் கொடுத்தது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த கார்ல் ஹெனகன் குழு அவற்றில் 106-ஐ அலசியது. வரிசையின் நடுவில் நிற்கும் ஆய்வில் ஒன்பது பேர். நூறைத் தாண்டியது ஒரே ஒரு ஆய்வு, 257 மாரத்தான் ஓட்டக்காரர்களை வைத்துச் செய்தது. அதற்கு அடுத்ததில் 52 பேர். நாற்பது ஆண்டு உழைப்பு, 106 ஆய்வுகள், நடுவில் நிற்பது ஒன்பது பேர். தாகம் எடுக்கும் முன்பே குடித்துவிட வேண்டும் என்று ஒரு தலைமுறையே கற்றுக்கொண்டதற்கு இப்படிப்பட்ட அடித்தளம்தான்.

இனி முதல் பதிலுக்கு வருவோம்: உச்ச வீரர்கள் கொஞ்சம் பேர்தான். உண்மை. ஆனால் கொஞ்சம் பேர்தான் கிடைத்தார்கள் என்பது, ஆய்வு ஏன் சிறியது என்பதற்கு விளக்கமாகும். அதிலிருந்து எடுக்கும் முடிவைப் பெரிதாகச் சொல்ல அனுமதியாகாது. இதை மிகக் கூர்மையாகக் காட்டுவது, ஒரே ஒரு உச்ச வீரரை வைத்து எழுதப்பட்ட ஒரு புகழ்பெற்ற கட்டுரை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் காயில், சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கை 1992 முதல் 1999 வரை ஐந்து முறை அளந்து, அவருடைய தசைத்திறன் 8 விழுக்காடு உயர்ந்தது என்று 2005-இல் ஜர்னல் ஆஃப் அப்ளைடு ஃபிசியாலஜியில் எழுதினார். வீரர் முதிர முதிரத் தசை குறைந்த ஆற்றலில் கூடுதல் வேலை செய்யக் கற்கிறது என்று அது படிக்கப்பட்டது. ஒப்பிட இன்னொரு ஆள் இல்லை. ஏழு ஆண்டு இடைவெளியில் கருவி நகர்ந்ததா, வீரர் மாறினாரா என்று பிரித்தறிய வழியில்லை. 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணக்கைத் தோண்டியபோது, ஒரு கணக்குப் பிழை இருந்ததைக் காயில் ஒப்புக்கொண்டார். முடிவு மாறாது என்றும் சொன்னார். 2012-இல் ஊக்கமருந்துக்காக ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் பறிக்கப்பட்டன. காயில் அளந்தது பயிற்சியையா, முதிர்ச்சியையா, மருந்தையா, கருவியின் தடுமாற்றத்தையா? அந்த ஐந்து அளவீடுகளில் இதற்கு விடை இல்லை, எப்போதும் இருந்ததும் இல்லை. அபூர்வமான ஆளைப் பிடித்துவிட்டோம் என்ற பெருமை இந்தக் கேள்வியை மூடி வைத்திருந்தது.

உச்ச வீரர்களை ஆராயவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆட்கள் குறைவாக இருக்கும்போது, அதே ஆளைப் பல முறை அளக்கலாம். ஒருவரை அவரோடேயே ஒப்பிடலாம். ஆளுக்கு ஆள் உள்ள மாறுபாடு அப்போது கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. நைக்கியின் வேப்பர்ஃப்ளை காலணியை கொலராடோவில் சோதித்தபோது இருந்தது 18 ஓட்டக்காரர்கள்தான். ஆனால் ஒவ்வொருவரும் மூன்று காலணிகளையும் அணிந்து, மூன்று வேகங்களில், ஒவ்வொரு காலணியிலும் இரண்டு முறை ஓடினார்கள். சராசரியாக 4 விழுக்காடு ஆற்றல் மிச்சம். ஒருவர் விடாமல் எல்லோருக்கும் மிச்சம். நைக்கி பணம் கொடுத்த ஆய்வு என்பதால் சந்தேகம் எழுவது நியாயம். பிற ஆய்வகங்களும் தங்கள் ஓட்டக்காரர்களை ஓடவிட்டுப் பார்த்தன, அங்கும் அதே அளவை ஒட்டிய முடிவு வந்தது. இது சிறிய ஆய்வுகளுக்குச் சாதகமான உதாரணம் என்று நினைப்பவர்கள், அது ஏன் நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அளவீட்டின் ஆட்டத்தைவிடப் பலன் பெரிதாக இருந்தது, ஒரே ஆள் மீண்டும் மீண்டும் அளக்கப்பட்டார், பிறகு வேறு கைகள் அதைத் திரும்பச் செய்தன. இந்த மூன்றும் இல்லாத பத்துக்குப் பத்துச் சோதனை, வேப்பர்ஃப்ளையின் நிழலில் ஒதுங்க முடியாது.

இன்னொரு வாதம் இதைவிடச் சாமர்த்தியமானது: ஓட்டத்தில் அரை விழுக்காடுதான் பதக்கத்தைத் தீர்மானிக்கிறது, புள்ளியியலின் கடுமையான அளவுகோலுக்குக் காத்திருந்தால் அந்த அரை விழுக்காட்டைத் தவறவிடுவோம் என்பது. கணக்கு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பலன் சிறியது என்றால் அதைக் காண அதிக ஆட்கள் வேண்டும். 64 என்பது 394 ஆனதை மேலே பார்த்தோம். நுண்ணிய பலனைத் தேடுகிறோம் என்பதையே குறைந்த ஆட்களுக்கான நியாயமாகச் சொல்வது, தூரத்து நட்சத்திரத்தைப் பார்க்கச் சின்னக் கண்ணாடி போதும் என்று சொல்வதைப் போன்றது. ஆனால் துறை இந்தப் பாதையில்தான் போனது. 2006-இல் ஆலன் பேட்டர்ஹாமும் வில் ஹாப்கின்ஸும் அளவு சார்ந்த முடிவெடுப்பு என்ற புதிய முறையை முன்வைத்தார்கள். ஆம், இல்லை என்ற முரட்டுத் தீர்ப்புக்குப் பதிலாக, 'ஒருவேளை நன்மை', 'பெரும்பாலும் நன்மை' என்று படிநிலையாகச் சொல்லலாம் என்பது அதன் கவர்ச்சி. வழக்கமான முறைக்குத் தேவைப்படும் ஆட்களில் மூன்றில் ஒரு பங்கே போதும் என்பது அதைவிடப் பெரிய கவர்ச்சி. பத்தாண்டுக்கு மேல் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் இதைக் கையாண்டன. 2015-இல் ஆலன் வெல்ஷும் எம்மா நைட்டும், 2018-இல் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டின் சைனானியும் இதன் கணிதத்தைப் பிரித்துக் காட்டினார்கள். இல்லாத பலனை இருப்பதாகச் சொல்லும் பிழை, சிறிய மாதிரி அளவுகளில்தான் இந்த முறையில் பல மடங்கு ஏறியது. இவ்விரு விமர்சனங்களையும் வெளியிட்ட அமெரிக்க இதழ் பிறகு அம்முறையை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. ஹாப்கின்ஸின் நோக்கத்தில் நான் குறை காணவில்லை. பயிற்சியாளருக்கு உதவும் விடை வேண்டும் என்ற அவருடைய தவிப்பு நேர்மையானது. ஆனால் இருபது பேரிடம் இல்லாத தகவலை எந்தச் சூத்திரமும் உண்டாக்கித் தராது.

பெரிய சோதனை விளையாட்டில் சாத்தியமில்லை என்பவர்களுக்கு டென்மார்க்கைக் காட்டலாம். கால்பந்தில் அடிக்கடி அறுபடும் ஹாம்ஸ்ட்ரிங் என்ற பின்தொடைத் தசையைக் காக்க, நார்டிக் பயிற்சி என்று ஒன்று உண்டு. முழந்தாளிட்டு உட்கார, கூட்டாளி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை மெல்ல மெல்ல முன்னால் சாய்த்து விழாமல் தாக்குப்பிடிக்க வேண்டும். கருவி எதுவும் வேண்டாம், ஒரு பாயும் நண்பனும் போதும். ஜெஸ்பர் பீட்டர்சன் குழு 50 அணிகளை, 942 ஆட்டக்காரர்களை, தொழில்முறையினரும் அமெச்சூர்களுமாகச் சேர்த்து, குலுக்கலில் இரண்டாகப் பிரித்து 2011-இல் முடிவை வெளியிட்டது. வழக்கப்படி பயிற்சி செய்த பக்கம் 52 காயங்கள். நார்டிக் செய்த பக்கம் 15. அதோடு யாரும் நிற்கவில்லை. நெதர்லாந்தில் 40 அமெச்சூர் அணிகளை, 579 ஆட்டக்காரர்களை வைத்து வேறொரு குழு அதையே திரும்பச் செய்து 2015-இல் எழுதியது. அங்கும் காயங்கள் கணிசமாகக் குறைந்தன. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் 1,892 பேரை வைத்து, ஃபிஃபாவின் வார்ம்-அப் பயிற்சித் தொகுப்பைச் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. காலில் ஏற்படும் காயங்கள் குறையும் என்பதே அவர்கள் முன்கூட்டி அறிவித்த முதன்மை எதிர்பார்ப்பு. குறைந்தது, ஆனால் முத்திரை பெறும் அளவுக்கு இல்லை என்று அவர்களே முதலில் எழுதிவிட்டு, கடுமையான காயங்களும் மொத்தக் காயங்களும் தெளிவாகக் குறைந்ததை அடுத்துச் சொல்கிறார்கள். இரண்டாயிரம் பேரை வைத்துச் செய்தவர்கள் இத்தனை அடக்கமாக எழுதும்போது, பன்னிரண்டு பேரை வைத்துச் செய்தவர்கள் 'நிரூபிக்கப்பட்டது' என்று எழுதுவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

மீள்சோதனை என்றாலே, அது அடுத்தவர் வேலையை நகலெடுப்பது, புதுமை இல்லாதது, முனைவர் பட்டத்துக்கு உதவாது என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. திரும்பச் செய்ய வேண்டியதில்லை, இருக்கும் சிறிய ஆய்வுகளை எல்லாம் கூட்டிச் சராசரி எடுத்தால் தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு உண்மை மிஞ்சும் என்றும் சொல்வார்கள். தவறுகள் இரு பக்கமும் சிதறியிருந்தால் அது நடக்கும். மேலே கண்ட பதினெட்டும் ஒரே பக்கம், மேல்நோக்கி, தவறியவை. அவற்றின் சராசரியும் மேலேயேதான் நிற்கும். விளையாட்டு உளவியலும் கடன்வாங்கிக்கொண்ட ஒரு கருத்து இதற்குச் சாட்சி: மன உறுதி என்பது தொட்டித் தண்ணீர்போல, பயன்படுத்தினால் வற்றிவிடும் என்பது. 2010-இல் மார்ட்டின் ஹேகர் குழு 198 சோதனைகளைத் தொகுத்து, திட்ட விலக்க அளவில் 0.62 என்ற கணிசமான பலனைக் கண்டது. 2016-இல் அதே ஹேகர் தலைமையில் 23 ஆய்வகங்கள், 2,141 பேர், ஒரே செய்முறை, பலன் 0.04. 198 சோதனைகள் சேர்ந்து கட்டிய கோபுரம் அது. தான் தொகுத்த கருத்தைத் தானே மீள்சோதனைக்கு உட்படுத்தி, வந்த விடையை மறைக்காமல் வெளியிட்டவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். இதைப் புதுமை இல்லாத வேலை என்று யாரால் சொல்ல முடியும்?

களத்தில் பலன் கண்கூடாகத் தெரிகிறதே, ஆய்வு எதற்கு என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. ஐஸ் தண்ணீரில் அமிழ்ந்து எழும் வீரர், உடம்பு லேசாகிவிட்டது என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் பிரோட்ச் குழு 2014-இல் 30 பேரை மூன்றாகப் பிரித்தது. ஒரு குழுவுக்குக் குளிர்ந்த நீர். இன்னொரு குழுவுக்கு உடல் வெப்பத்தை ஒட்டிய நீரில் 'மீட்பு எண்ணெய்' என்று சொல்லி வெறும் தோல் கழுவும் திரவத்தை ஊற்றினார்கள். மூன்றாவது குழுவுக்கு அந்த மிதமான நீர் மட்டும். எண்ணெய் என்று நம்பியவர்கள், ஐஸ் குழுவுக்கு இணையாகவே மீண்டார்கள். இதுவும் குழுவுக்குப் பத்துப் பேர் கொண்ட சிறிய சோதனைதான். எனக்கு உவப்பான விடை என்பதற்காக இதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இதையும் பெரிதாகத் திரும்பச் செய்ய வேண்டும். கண்கூடாகத் தெரிவதில் எவ்வளவு நம்பிக்கை, எவ்வளவு நீர் என்று பிரித்தறிய, கண் மட்டும் போதாது என்பதற்கு இது போதுமான எச்சரிக்கை.

திரும்பச் செய்யும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூலச் சோதனை பத்துக்குப் பத்து என்றால் மீள்சோதனையும் பத்துக்குப் பத்தாக இருப்பதில் பயன் இல்லை. உண்மையில் பலன் இருந்தாலும் அது ஐந்தில் நான்கு முறை தோற்கும். பிறகு, 'உங்கள் ஆய்வகச் சூழல் வேறு' என்று ஒருவரும் 'உங்கள் கண்டுபிடிப்பு பொய்' என்று மற்றவரும் சண்டை போடலாம், இருவரிடமும் ஆதாரம் இருக்காது. ஆட்களும் பணமும் எங்கே என்ற கேள்விக்கு விடை, செலவை வேறு மாதிரி பங்கிடுவதில் இருக்கிறது. கோர்டெக்ஸ் என்ற நரம்பியல் இதழ் 2013-இல் ஒரு வழக்கத்தைத் தொடங்கியது. கேள்வியையும் செய்முறையையும் ஆட்களின் எண்ணிக்கையையும் முதலிலேயே பரிசீலித்து, விடை எதுவானாலும் வெளியிடுகிறோம் என்று வாக்குக் கொடுப்பது. விளையாட்டு அறிவியல் இதழ்கள் எல்லாம் இதை ஏற்றால், காணாமல் போகும் அந்த எண்பத்திரண்டு முடிவுகளும் அச்சில் வரும். டப்ளினை மையமாகக் கொண்டு ஜோ வார்ன் குழு இத்துறையின் பழைய ஆய்வுகளைத் தேர்ந்து திரும்பச் செய்யும் வேலையைத் தொடங்கியிருக்கிறது. அதற்கு இணையான முயற்சி ஒவ்வொரு நாட்டிலும் வேண்டும்.

ஆண்டுதோறும் உடற்கல்வி மாணவர்கள் தத்தம் ஆய்வேட்டுக்காகத் தனித்தனிக் கேள்வியைப் பிடித்து, தனித்தனியாகப் பத்துப் பன்னிரண்டு பேரைத் தேடுவதற்குப் பதில், பதினோரு கல்லூரிகள் ஒரே கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். செய்முறையை ஒன்றாக உட்கார்ந்து எழுதி, தேதி போட்டு, யாரும் பிறகு மாற்ற முடியாதபடி பதிவுசெய்துவிட வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் 12 பேர். அங்கேயே குலுக்கலில் ஆறுக்கு ஆறாகப் பிரிப்பது. மொத்தம் 132, ஒரு பக்கம் 66. எம்பித் தாண்டும் சோதனைக்கு வேண்டிய 64 நிறைந்துவிடும். ஒரு சுவர், சுண்ணாம்புப் பொடி, அளவுநாடா, யார் எந்தக் குழு என்று தெரியாமல் அளந்து எழுத ஒரு ஆள். எழுதியதைப் பதினோரு பேரும் ஒரே பட்டியலில் போட்டு, பலன் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே கட்டுரையாக வெளியிட்டு, ஒவ்வொருவருக்கும் அதைப் பட்டத்துக்குரிய உழைப்பாக ஏற்கப் பல்கலைக்கழகங்கள் விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்.